குறட்டை நின்றதும் எண்ணத் தொடங்குங்கள்

"அடிச்சுப் போட்டாப்ல தூங்குறாரு" என்று நம் வீடுகளில் சொல்வது பாராட்டு. குறட்டை கூடம் வரை கேட்டால் அசந்த தூக்கம் என்று கணக்கு. ஆனால் குறட்டை என்பது ஒடுங்கிப்போன தொண்டை வழியே காற்று முட்டிமோதிப் போகும் சத்தம். அதைவிடக் கவனிக்க வேண்டியது அந்தச் சத்தம் சட்டென்று நிற்கும் இடம். பக்கத்தில் படுத்திருப்பவர் "அப்பாடா" என்று புரண்டு படுக்கும் அந்த அமைதியில் தொண்டை முழுசாக மூடியிருக்கலாம். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பத்து விநாடி, இருபது, சிலருக்கு நாற்பதுக்கு மேல். பிறகு ஒரு திணறல், உடம்பில் ஒரு குலுக்கல், மறுபடி குறட்டை.

தூங்குகிறவருக்கு இதில் எதுவும் தெரியாது. காலையில் கேட்டால் "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவில்லை. ஆகவே ஸ்லீப் ஆப்னியா என்கிற உறக்க மூச்சுத்தடைக்குச் சாட்சி பெரும்பாலும் ஒரே ஒருவர்தான்: பக்கத்தில் படுப்பவர். நம் வீடுகளில் அந்தச் சாட்சியும் பாதியில் எழுந்து போய்விடுகிறார். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு மனைவி அடுத்த அறையில் படுக்கத் தொடங்கிய பிறகு, கணவரின் மூச்சு எத்தனை முறை நிற்கிறது என்று சொல்ல ஆளில்லை. நோய் முற்றுவது பல வீடுகளில் அந்த வருடங்களில்தான்.

இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் 69 வயதில் மும்பையில் இறந்தபோது, அவருக்கு இந்த நோய் இருந்ததை மருத்துவமனையே சொன்னது. சில நாட்கள் செய்திகளில் பேசப்பட்டது, பிறகு அடங்கிவிட்டது. கடுமையான மூச்சுத்தடைக்குச் சிகிச்சை இருக்கிறது, முதல் வாரத்திலேயே வித்தியாசம் காட்டும் சிகிச்சை: மாஸ்க் வழியே காற்றை ஊதித் தொண்டையை மூடாமல் வைக்கும் சிபேப் என்ற இயந்திரம். ஆனால் சந்தேகத்துக்கும் பரிசோதனைக்கும் நடுவில், ரிப்போர்ட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில், இயந்திரத்துக்கும் அதை மாட்டிக்கொண்டு முழு இரவு தூங்குவதற்கும் நடுவில் மாதங்கள் தொலைகின்றன. அந்த இடைவெளிகளைச் சுருக்குவது வாழ்க்கைத்துணையின் கையில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

முதல் வேலை வீடியோ. ஆடியோ மட்டும் போதாது. அது குறட்டையைக் காட்டும், மூச்சு நிற்பதைக் காட்டாது. போர்வையை இடுப்பு வரை இறக்கி, இரவு விளக்கு வெளிச்சத்தில் முகம், நெஞ்சு, வயிறு மூன்றும் தெரியும்படி செல்போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வையுங்கள். மூன்று அல்லது நான்கு நிமிடம் போதும். அதற்குள் குறட்டை நின்று மறுபடி வருவது இரண்டு தடவையாவது பதிவாக வேண்டும். சத்தம் நின்ற நொடியிலிருந்து எண்ணுங்கள். சத்தமில்லாத நேரத்தில் நெஞ்சு அமுங்கி வயிறு உப்பினால், அடுத்த நொடி வயிறு அமுங்கி நெஞ்சு உப்பினால், வழி அடைபட்டிருக்கிறது, உடம்பு முயன்றுகொண்டிருக்கிறது என்று பொருள். எந்த அசைவுமே இல்லாமல் கிடந்தால் அது வேறு வகை. மூளையிலிருந்து மூச்சுக்கான உத்தரவே வராத நிலை. இதய பலவீனம் உள்ளவர்களிடம் அது அதிகம், சிகிச்சையும் மாறும். எந்த நேரத்தில் எடுப்பது என்றால், அதிகாலை 3 மணிக்கு மேல். கனவுத் தூக்கம் அப்போதுதான் அதிகம். தசைகள் முழுக்கத் தளர்ந்து தொண்டை எளிதாக மூடிக்கொள்ளும் நேரம். மல்லாந்து படுத்திருந்தால் இன்னும் மோசமாக இருக்கும். அதையும் பதிவில் சொல்லிவிடுங்கள்.

கொரோனா காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் வீட்டில் கிடக்கும். அதை மாட்டிப் பார்க்கிறவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். மூச்சு நின்றிருக்கும்போது திரையில் 94, 95 என்றே காட்டும். மறுபடி மூச்சு வந்து குறட்டை தொடங்கிய பிறகு எண் 85, 80 என்று இறங்கும். கருவி பழுதில்லை. நுரையீரலில் குறைந்த ஆக்சிஜனோடு புறப்பட்ட ரத்தம் விரல் நுனிக்கு வந்து சேரவும், கருவி சராசரி போடவும் அரை நிமிடம்கூட ஆகலாம். ஆகவே திணறல் முடிந்த பிறகும் அரை நிமிடம் திரையைப் பாருங்கள்.

அடுத்தது அவரைக் கிளப்புவது. "உங்க குறட்டையில எனக்குத் தூக்கமே இல்லை" என்று ஆரம்பித்தால் அது சண்டையாகத்தான் முடியும். குறட்டை என்ற பேச்சையே எடுக்காமல், "என்னங்க, நேத்து ராத்திரி முப்பது செகண்டு மூச்சே விடலை நீங்க, இதைப் பாருங்க" என்று வீடியோவை நீட்டுங்கள். தன் மூச்சு நின்று கிடப்பதைப் பார்த்த பிறகு வாதாடுகிறவர்கள் குறைவு. "எங்க வம்சத்துல எல்லா ஆம்பளைங்களும் குறட்டைதான்" என்று மாமியார் சொன்னால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தாடை அமைப்பும் கழுத்தின் பருமனும் குடும்ப வழியில் வருவதுதான்.

மருத்துவரிடம் போகுமுன் ஒரு தாளில் நான்கைந்து விஷயங்களை எழுதிக்கொண்டால் பாதிக் கேள்விகள் முடிந்துவிடும். கழுத்துச் சுற்றளவு: குரல்வளை மேட்டின் மேலே டேப் வைத்து அளந்து 40 செ.மீ. தாண்டினால் ஒரு அபாயப் புள்ளி. ரத்த அழுத்தம், அதற்கு எத்தனை மாத்திரை. மூன்று மருந்து போட்டும் அழுத்தம் அடங்காதவர்களிடம் இந்த நோய் மிகச் சகஜம். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். இதைச் சர்க்கரை என்றும் புராஸ்டேட் என்றும் ஓட்டிவிடுகிறோம், மூச்சுத்தடையும் அதைச் செய்யும். காலையில் தலைவலி உண்டா. பிறகு எப்வொர்த் அளவுகோல். உட்கார்ந்து படிக்கும்போது, டிவி பார்க்கும்போது, ஒரு மணி நேரம் வண்டியில் பயணிக்கும்போது, மதியச் சாப்பாட்டுக்குப் பின் சும்மா உட்கார்ந்திருக்கும்போது, சிக்னலில் வண்டி நிற்கும்போது என்று எட்டு சூழல்கள். கண் அசரும் வாய்ப்புக்கு ஒவ்வொன்றிலும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24-இல் 10-ஐத் தாண்டினால் பகல் தூக்கம் அளவு மீறிவிட்டது. இதை இருவரும் தனித்தனியாக நிரப்புங்கள். அவர் 6 என்று போட்டு, நீங்கள் அவருக்கு 17 போட்டிருந்தால், அந்த வித்தியாசமே மருத்துவருக்கு ஒரு தகவல்.

பெண்களுக்கு இந்தப் படம் அப்படியே பொருந்தாது. மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கும் இந்த நோய் வேகமாகக் கூடுகிறது. ஆனால் குறட்டையைவிட "ராத்திரி தூக்கமே வரலை, காலையில உடம்பெல்லாம் அசதி, தலைவலி" என்றுதான் சொல்வார்கள். ரத்தசோகை, தைராய்டு, மன அழுத்தம் என்று சுற்றிவிட்டு கடைசியில் தூக்க மாத்திரையில் வந்து நிற்கும். மூச்சுத்தடை உள்ளவருக்கு அல்ப்ரஸோலம் போன்ற மாத்திரை கொடுப்பது, திணறி விழிக்க வைக்கும் காவலாளிக்கே மயக்கமருந்து கொடுப்பது போல. மனைவி குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொல்லக் கூச்சப்படும் கணவர்கள் இந்தத் தாமதத்தில் பங்காளிகள்.

எந்த மருத்துவர்? நுரையீரல் நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர், நரம்பியல் நிபுணர் என மூவரில் தூக்க மருத்துவத்தில் பயிற்சி உள்ள எவரும் சரி. கடுமையான நோய் என்று சந்தேகம் வலுவாக இருந்தால் நுரையீரல் நிபுணரிடம் தொடங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து, ஏனென்றால் இயந்திரத்தை எழுதிக்கொடுத்துத் தொடர்ந்து பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான். சென்னை, கோவை, மதுரையின் பெரிய மருத்துவமனைகளிலும் வேலூர் சிஎம்சியிலும் தூக்க ஆய்வகம் உண்டு. ஆய்வகத்தில் தேதி கிடைக்க வாரக்கணக்கில் ஆகும் என்றால் வீட்டுப் பரிசோதனை செய்ய முடியுமா என்று அங்கேயே கேளுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்எச் பரிசோதனையைக் காத்திருக்கும் நாட்களில் முடித்துவிடலாம்.

வீட்டுப் பரிசோதனையில் மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு ஆக்சிமீட்டர், அவ்வளவுதான். சந்தேகம் வலுவாக இருந்து, இதயநோயோ நுரையீரல் நோயோ பெரிதாக இல்லாதவருக்கு இது போதும். ஒரு குறை உண்டு. இது மூளை அலையைப் பார்ப்பதில்லை, அதனால் மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது என்று கணக்கிடும்போது விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கக் கணக்கில் சேர்த்து வகுக்கும். விடை உண்மையைவிடக் குறைவாக வரும். நான்கு மணி நேரம் மட்டுமே தூங்கியவருக்கு எட்டு மணி நேரப் பதிவு ஓடியிருந்தால் எண் பாதியாகிவிடும். ஆகவே வீட்டுப் பரிசோதனை "இல்லை" என்று சொல்லியும் வீடியோ "உண்டு" என்று சொன்னால், ஆய்வகப் பரிசோதனை கேட்டு வாங்குங்கள்.

ஆய்வகத்தில் தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் எல்லாம் மின்முனை ஒட்டுவார்கள். போகுமுன் ஷாம்பு போட்டுத் தலைக்குக் குளிக்க வேண்டும், எண்ணெய் வைக்கக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவிய தலையில் மின்முனை நிற்காது. நள்ளிரவில் கழன்று பதிவு பாதியில் போய்விட்டால் இன்னொரு இரவு, இன்னொரு கட்டணம். நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். மதியம் தூங்காமல், மாலையில் காபி குடிக்காமல் போங்கள்.

தேதி வாங்கும்போதே "ஸ்ப்ளிட் நைட் செய்வீர்களா" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி ஒரு முழு இரவையும் அடுத்த தேதிக்கான காத்திருப்பையும் மிச்சப்படுத்தும். முதல் இரண்டு மணி நேரத் தூக்கத்திலேயே நோய் கடுமை என்று தெரிந்துவிட்டால், மீதி இரவில் மாஸ்க் மாட்டி எந்த அழுத்தத்தில் மூச்சு சீராகிறது என்று பார்த்துவிடுவார்கள். அதற்குக் குறைந்தது மூன்று மணி நேரம் மீதி இருக்க வேண்டும். அதனால் சீக்கிரம் படுக்க வைக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் முதலில் தேட வேண்டியது ஏஎச்ஐ. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு முழுக்க நின்றது அல்லது பெரிதும் குறைந்தது என்ற எண் அது. ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீடித்தால்தான் கணக்கில் வரும். 5-க்குக் கீழ் இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமை. உதாரணத்துக்கு ஆறு மணி நேரத் தூக்கத்தில் 318 நிகழ்வுகள் என்றால் ஏஎச்ஐ 53. கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒன்று. ஆனால் இந்த எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஆக்சிஜன் எவ்வளவு தூரம் இறங்கியது, 90 சதவீதத்துக்குக் கீழே மொத்தம் எத்தனை நிமிடம் இருந்தது என்ற இரண்டும் அவசரத்தைத் தீர்மானிக்கும். ஒரே ஏஎச்ஐ 40 உள்ள இருவரில், ஒருவருக்கு ஆக்சிஜன் 88-க்குக் கீழ் போகவில்லை, இன்னொருவருக்கு 62 வரை போய், தூங்கிய நேரத்தில் பாதிக்கு 90-க்குக் கீழேயே இருந்தது என்றால், இரண்டாமவருக்கு அடுத்த மாதம் என்ற பேச்சே வேண்டாம். அந்த வரியைப் பேனாவால் வட்டமிட்டு மருத்துவரிடம் நீட்டுங்கள்.

உடல் பருமன் மிக அதிகமாக இருந்தால் ரத்தத்தில் பைகார்பனேட் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். 27-க்கு மேல் இருந்தால் பகலிலும் கரியமில வாயு தேங்கும் நோய் கூடவே இருக்கலாம். அதற்குச் சாதாரண சிபேப் போதாமல், மூச்சை இழுக்கும்போது ஓர் அழுத்தமும் விடும்போது அதைவிடக் குறைந்த அழுத்தமும் தரும் பைபேப் தேவைப்படக்கூடும். கால் வீக்கம், காலையில் குழப்பமான பேச்சு, உதடு நீலம் பூப்பது, எழுப்ப முடியாத தூக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் வெளிநோயாளிச் சீட்டுக்கு வரிசையில் நிற்காதீர்கள். அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தலைப்பக்கத்தை உயர்த்துவது, மதுவையும் தூக்க மாத்திரையையும் முழுக்க நிறுத்துவது, அவர் கையில் வண்டிச் சாவி இல்லாமல் பார்த்துக்கொள்வது. இரவு வண்டி ஓட்டிப் பிழைப்பவர் என்றால் கடைசி நிபந்தனை குடும்பத்துக்கே கஷ்டம், ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியாதது அதுதான். தூக்க மாத்திரை மருத்துவர் எழுதி நெடுநாளாகப் போட்டுவருவது என்றால், திடீரென்று நிறுத்தாமல் அவரிடம் கேட்டுக் குறையுங்கள். இன்னொன்று, கொரோனாவுக்கு வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரை எடுத்து மாட்டாதீர்கள். மூடிய தொண்டையை ஆக்சிஜன் திறக்காது. மீட்டரில் எண்ணை மட்டும் அழகாக்கிவிட்டு, சிலருக்குக் கரியமில வாயுவை ஏற்றிவிடும்.

இனி இயந்திரம். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், மூக்கின் வழியே தொடர்ந்து காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கிறது என்று எழுதினார். ஆரம்ப இயந்திரங்களில் வாக்குவம் கிளீனர் மோட்டாரே வேலை செய்தது. அதற்கு முன்பு கடுமையான நோய்க்கு இருந்த ஒரே நிச்சயமான வழி கழுத்தில் துளை போடுவது. சிபேப் இன்றும் அதே தத்துவம்தான், காற்றால் முட்டுக்கொடுப்பது. அது ஆக்சிஜன் கொடுப்பதில்லை, அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. வென்டிலேட்டர் என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

நேரம் அதிகம் தொலையும் இடம் இதுதான். ரிப்போர்ட் பீரோவில் போய்விடும், "பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்" என்று. கூடவே வேறு பெரிய நோய் இல்லாதவருக்கு, அழுத்தம் கண்டுபிடிக்க இன்னொரு ஆய்வக இரவு கட்டாயமில்லை. தானே அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஆட்டோ சிபேப்பை வீட்டிலேயே தொடங்கலாம், அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் 2019 வழிகாட்டியும் இதை ஏற்கிறது. இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, மேலே சொன்ன கரியமில வாயுத் தேக்கம் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வாங்கப் பணம் தயாராகவில்லை என்றால் மாத வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. மாஸ்க்கை மட்டும் புதிதாக வாங்கிக்கொண்டு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தால் ரிப்போர்ட் வந்த வாரமே தொடங்கிவிடலாம்.

மருத்துவச் சீட்டில் "சிபேப்" என்று ஒரே சொல் இருந்தால் திரும்பக் கொடுத்து விவரம் எழுதித் தரச் சொல்லுங்கள். எந்த வகை, குறைந்த அழுத்தம் எவ்வளவு, அதிக அழுத்தம் எவ்வளவு, எந்த மாஸ்க், ஈரப்பத அமைப்பு வேண்டுமா என்று. ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இயந்திரம் பெட்டியிலிருந்து வரும்போது 4 முதல் 20 செ.மீ. நீரழுத்தம் என்று திறந்து கிடக்கும். கடைக்காரர் அப்படியே கொடுத்துவிடுவார். பருத்த உடம்பு ஆளுக்கு 4 என்பது போதாத காற்று. மாஸ்க்கை மாட்டிய முதல் நிமிடத்திலேயே "மூச்சு முட்டுது" என்று கழற்றி எறிவார். எல்லோரும் அதை இயந்திரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையில் அவருக்குக் காற்று போதவில்லை. கீழ் வரம்பை 6 அல்லது 7 ஆக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு மாற்றினால் பலருக்கு அன்றிரவே பிரச்சினை தீரும். மெதுவாக அழுத்தம் ஏற்றும் ரேம்ப் அமைப்பும் இதே காரணத்தால் சிலருக்குத் தொல்லை. அணைத்துப் பாருங்கள்.

மாஸ்க் மூன்று வகை: நாசித் துளைகளில் மட்டும் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கையும் வாயையும் மூடுவது. வாய் திறந்து தூங்குபவர், மூக்கடைப்பு தீராதவர் தவிர மற்றவர்களுக்கு மூக்கு மாஸ்க்கே நல்ல தொடக்கம். கடையில் உட்கார்ந்த நிலையில் போட்டுப் பார்த்து வாங்குவது செருப்பைப் போட்டு நடந்து பார்க்காமல் வாங்குவது போல. படுத்து, இயந்திரத்தை ஓட்டி, ஒருக்களித்துப் பார்த்த பிறகுதான் அளவு தெரியும். காற்று கசிந்தால் எல்லோரும் பட்டையை இறுக்குவார்கள், அது தவறு. உள்ளே இருக்கும் சிலிகான் ஓரம் காற்றில் உப்பி முகத்தில் படிய இடம் வேண்டும். இறுக்கினால் அது மடிந்து இன்னும் கசியும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். மாஸ்க்கை முகத்திலிருந்து அரை அங்குலம் முன்னால் இழுத்து, காற்றில் உப்பவிட்டு, மெதுவாக வையுங்கள். படுக்குமுன் முகம் கழுவுங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் சிலிகான் வழுக்கும். காலையில் ஈரத்துணியால் துடைப்பது, வாரம் ஒருமுறை மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் காயவிடுவது போதும். டெட்டால் வேண்டாம், வெயில் வேண்டாம்.

வாய் உலர்ந்து கிடந்தால் காற்று வாய் வழியே வெளியேறுகிறது: தாடைப் பட்டை, அல்லது முழு மாஸ்க். வயிறு உப்பினால் காற்றை விழுங்குகிறார்: அழுத்தத்தைக் குறைக்கவோ, மூச்சு விடும்போது அழுத்தம் தளரும் அமைப்பைக் கூட்டவோ மருத்துவரைக் கேளுங்கள். ஏசி அறையில் குழாய்க்குள் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து மூக்கில் தெறிக்கும். குழாய் மேல் துணியுறை போடுங்கள், ஈரப்பதத்தை ஒரு படி குறையுங்கள், இயந்திரத்தைக் கட்டில் மட்டத்துக்குக் கீழே வையுங்கள். ஈரப்பதத் தொட்டியில் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றினால் சில நாட்களில் உப்புப் படியும். மீந்த நீரைக் காலையில் கொட்டிவிடுங்கள். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுவத்தி எதுவும் அந்த அறையில் வேண்டாம். இயந்திரம் உறிஞ்சுவது அந்தப் புகையைத்தான். வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். சாம்பல் நிறமாகியிருந்தால் கையேட்டில் போட்ட மாதக் கணக்குக்குக் காத்திருக்காமல் மாற்றுங்கள்.

"கரண்ட் போனா மூச்சு முட்டிடுமா?" நம் ஊரில் தவறாமல் வரும் கேள்வி. முட்டாது. மாஸ்க்கில் காற்று வெளியேறும் துளைகள் எப்போதும் திறந்திருக்கும். முழு மாஸ்க்கில் அழுத்தம் நின்றதும் தானாகத் திறக்கும் வால்வு உண்டு. ஆள் புழுக்கமாக உணர்ந்து எழுந்து கழற்றிவிடுவார். ஆனால் கழற்றிவிட்டு மறுபடி தூங்கினால் நோய் திரும்பி வந்துவிடும் என்பதால் இன்வெர்ட்டர் இணைப்பு அவசியம். கணக்கு இப்படி: 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் காகிதத்தில் 1,800 வாட்-மணி. பாதியைத்தான் எடுக்க முடியும் என்று வைத்தாலும் 900. ஈரப்பத ஹீட்டரை அணைத்த சிபேப் சுமார் 40 வாட், பழைய சீலிங் ஃபேன் 75 வாட். இரண்டும் எட்டு மணி நேரம் ஓடினால் 920. ஆக இயந்திரத்தைவிட ஃபேன்தான் அதிகம் இழுக்கிறது. ஹீட்டரை மட்டும் அணைத்துவிட்டால் நள்ளிரவு மின்வெட்டுக்கெல்லாம் தாராளம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும்.

முதல் வாரம் பொறுமை வேண்டும். பகலில் டிவி பார்க்கும்போது இருபது நிமிடம் மாஸ்க்கை மாட்டிப் பழகுவது இரவில் உதவும். இடைவிடாமல் கனவுத் தூக்கம் பறிபோயிருந்தவர் முதல் சில இரவுகளில் அதையெல்லாம் சேர்த்து ஈடுகட்டுவார். நீண்ட, அசையாத, சத்தமேயில்லாத தூக்கம். இத்தனை வருடம் குறட்டைக்குப் பழகிய மனைவி அந்த நிசப்தத்தில் பயந்து போய் மூக்கில் கைவைத்துப் பார்ப்பதுண்டு. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தூங்குங்கள்.

இயந்திரம் தினமும் மூன்று எண் தரும்: எத்தனை மணி நேரம் போட்டார், கசிவு எவ்வளவு, மீதமுள்ள ஏஎச்ஐ எவ்வளவு. மூன்றாவது எண் 5-க்குக் கீழ் வர வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் 10, 15 என்று நின்றால் முதலில் கசிவைப் பாருங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். சிலருக்கு அடைப்பு நீங்கியதும் மூளை வகைத் தடை தலைகாட்டும். அது பலருக்குச் சில வாரங்களில் தானாக அடங்கும், அடங்காதவர்களுக்கு வேறு இயந்திரம் தேவை. முதல் எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2016-இல் வெளியான சேவ் என்ற பெரிய ஆய்வில் சிபேப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைக்கவில்லை என்று வந்தது. அதைச் சொல்லி இயந்திரத்தை மூட்டை கட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் அதில் இருந்தவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் போட்டார்கள். மிகக் கடுமையான பகல் தூக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அப்படியிருந்தும் ஆய்வில் சிபேப் போட்டவர்களுக்குப் பகல் அசதி குறைந்தது. பாதி இரவில் கழற்றி வைப்பவருக்கு அதிகாலைக் கனவுத் தூக்கம், அதாவது மிக மோசமான நேரம், பாதுகாப்பில்லாமல் போகிறது.

ரத்த அழுத்த மருந்து போடுபவர் என்றால் வீட்டில் அளந்து எழுதி வையுங்கள். அளவு குறைந்தால் மருந்தையும் மருத்துவர் குறைக்கலாம்.

சிபேப்புக்கு மாற்று உண்டா? கீழ்த் தாடையை முன்தள்ளும் பல் கருவி லேசான, நடுத்தர நோய்க்கு நன்றாக வேலை செய்யும். கடுமைக்கு அது இரண்டாம் தேர்வு. தொண்டைச் சதை மிகப் பெரிதாக இருப்பவருக்கு அறுவை உதவும், மற்றவர்களுக்கு அதை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். எடை குறைப்பது நிச்சயம் பலன் தரும். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஏஎச்ஐ கால்வாசி அளவு குறைவதாக அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு காட்டியது. 53 கால்வாசி குறைந்தால் 40. இன்னும் கடுமைதான். உடல் பருமனோடு நடுத்தர, கடுமையான நோய் உள்ளவர்களுக்கு டிர்செபடைடு என்ற எடை குறைப்பு ஊசியை அமெரிக்கா 2024 டிசம்பரில் அனுமதித்தது. 2025-இல் அது இந்தியாவிலும் விற்பனைக்கு வந்துவிட்டது. அதுவும் மாதக்கணக்கில் வேலை செய்வது. எடை இறங்கும் வரை இரவில் மாஸ்க் இருந்தே ஆக வேண்டும்.

பணம். ஆட்டோ சிபேப் பெரும்பாலும் 30,000 முதல் 60,000 ரூபாய்க்குள், மாஸ்க் தனியாகச் சில ஆயிரம். சாதாரண மருத்துவக் காப்பீடு இயந்திரத்துக்குப் பணம் தராது, அது தரமுடியாத பொருட்களின் பட்டியலில் இருக்கிறது. பரிசோதனைக்காக மட்டும் ஓர் இரவு அனுமதியானால் அந்தக் கோரிக்கையும் நிராகரிக்கப்படலாம், முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர், ஓய்வூதியர் என்றால் சிஜிஎச்எஸ் என்ற மத்திய அரசு சுகாதாரத் திட்டம் மூலம் உச்சவரம்புக்குள் திரும்பக் கிடைக்கும். முன் அனுமதி வாங்கிய பிறகு வாங்குங்கள், வாங்கிவிட்டு ஓடாதீர்கள். பழைய இயந்திரம் வாங்குவதாக இருந்தால், 2021 ஜூனில் ஃபிலிப்ஸ் திரும்பப் பெற்ற மாடல்களில் ஒன்றா என்று வரிசை எண்ணை வைத்துப் பாருங்கள். ட்ரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை அதில் அடக்கம். உள்ளே ஒலி குறைக்க வைத்த நுரை நைந்து துகளாகக் காற்றில் வரக்கூடும் என்பதே காரணம்.

வெளியூர் போனால் இயந்திரமும் கூடவே போக வேண்டும். விமானத்தில் கைப்பையாக எடுத்துச் செல்லுங்கள், தொட்டியைக் காலி செய்துவிட்டு. இரவு ரயிலில் சார்ஜ் சாக்கெட்டை நம்பாதீர்கள். இரவில் பல வண்டிகளில் அதை அணைத்துவிடுகிறார்கள், பயண பேட்டரிதான் வழி. கண்புரை, குடலிறக்கம் என்று எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருத்துவரிடம் ஸ்லீப் ஆப்னியா என்று சொல்லி, ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தையும் இயந்திரத்தின் அழுத்த எண்ணையும் கொடுங்கள். வலி நிவாரணத்துக்குக் கொடுக்கும் மார்ஃபின் வகை மருந்துகளின் அளவை அவர்கள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இயந்திரத்தையும் மாஸ்க்கையும் மருத்துவமனைப் பையிலேயே எடுத்துப் போய், மயக்கம் தெளிந்து தூங்கும் முதல் இரவிலிருந்தே மாட்டிவிடச் சொல்லுங்கள்.